மாதாவின் மஞ்சள் அங்கி

லிண்டன்ஸெல், 1743

ஆகஸ்ட் 12, திங்கள்

செப்புத்தகட்டைச் செதுக்கி இன்று முடித்தேன். மூன்று வாரம் பிடித்தது. ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு, ஆக நாற்பத்தெட்டு மாதா. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு. எங்கள் கோயிலுக்கு நடந்து வருகிறவர்கள் இந்தத் தாளை வாங்கிப் போவார்கள். வீட்டில் யாராவது நோயில் விழுந்தால் ஒரு படத்தைக் கத்தரித்து, தண்ணீரில் நனைத்து விழுங்கக் கொடுப்பார்கள். மாட்டுக்குத் தவிட்டில் வைத்துக் கொடுப்பதும் உண்டு. என் அப்பா இதை அச்சடித்தார், இப்போது நான். இதுவரை கறுப்பு மை மட்டும்தான்.

இந்த முறை எங்கள் கோயில் குரு இல்டெஃபோன்ஸ் சாமி வண்ணம் கேட்கிறார். கோயிலில் நிற்கும் மாதா சுரூபத்துக்குப் பொன் ஜரிகையில் புது அங்கி வந்திருக்கிறது. செப்டம்பர் 8, மாதா பிறந்த திருநாளன்று சார்த்தப் போகிறார்கள். படத்திலும் அங்கி பொன்னாகத் தெரிய வேண்டுமாம். அறுநூறு தாள்.

அஃப்ராவுக்குக் காய்ச்சல் நான்காம் நாள். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். அவளுக்கு எட்டு வயது. இதே காய்ச்சலில்தான் அவளுடைய அண்ணன்கள் இருவரும் போனார்கள், ஒரே கோடையில், பதினோரு நாள் இடைவெளியில். கறுப்புப் படங்களைக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். பயனில்லை.

ஆகஸ்ட் 14

அரிதாரம் வந்து சேர்ந்தது. வெனிஸ் வழியாக வரும் மஞ்சள் கல். அரைத்தால் தங்கப் பொடி போல இருக்கிறது. வால்புர்கா மூக்கில் துணி கட்டிக்கொண்டு அரைத்துப் பிசினில் குழைத்தாள். என் மனைவி படம் எழுதுகிறவரின் மகள். வண்ண வேலை எல்லாம் அவளுடையது. என் கைக்கு உளி மட்டும்தான் வரும்.

அஃப்ரா போர்வையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தூரிகையை நான் நக்கிக் கூராக்கித் தரட்டுமாம்மா?"

"சிவப்பை நக்கு, நீலத்தை நக்கு. இந்த மஞ்சளை மட்டும் நாக்குல வைக்கக் கூடாது."

"ஏன்?"

"தாத்தா பட்டறையில ஒரு நாய் வச்சுது."

"நாய்க்கு என்ன ஆச்சு?"

"அதுக்கப்புறம் அது படம் எழுதவே இல்லை."

அஃப்ரா சிரித்தாள். ஆறு நாளில் முதல் சிரிப்பு. மதியத்துக்குள் நான்கு தாள் வண்ணமிட்டுக் காய்ந்துவிட்டது. நான் மாலையில் செபமாலைக்குப் போனேன்.

ஆகஸ்ட் 15, மாதா பரலோகம் சென்ற திருநாள்

வண்ணத் தாள்களைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். சாமி ஒவ்வொரு தாளையும் சுரூபத்தின் பாதத்தில் வைத்து எடுத்தார். இது எங்கள் வழக்கம். தொட்டெடுக்காத தாளை யாரும் நோயாளிக்குக் கொடுப்பதில்லை.

நான் கேட்டேன்: "சாமி, வண்ணத்தோட முழுங்கலாமா?"

"முழுங்கறது வண்ணத்தையா, மாதாவையா?"

அவர் சொன்னது சரிதான். பாதத்தைத் தொட்ட பிறகு காகிதம் காகிதமாக இருப்பதில்லை, மையும் மையாக இருப்பதில்லை. மஞ்சளுக்கு மட்டும் வேறு நியாயம் இருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் படத்தைக் கத்தரித்து அஃப்ராவுக்குக் கொடுத்தேன். வால்புர்கா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16

ஒரு படம். காலையில் வாந்தி. நோய் வெளியே வருகிறது.

ஆகஸ்ட் 17

ஒரு படம். தொண்ணூறு தாள் அச்சடித்தேன். நடுக்கம் வரவில்லை. மாதாவே, நன்றி.

ஆகஸ்ட் 19

நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் வயிற்றுப்போக்கு. தண்ணீர் கேட்கிறாள், குடித்ததும் வெளியே வந்துவிடுகிறது. காய்ச்சலின் வேர் வயிற்றில் இருக்கிறது போலும். நாளை முதல் நாளுக்கு மூன்று படம்: பிதா, சுதன், பரிசுத்த ஆவி.

ஆகஸ்ட் 21

அஃப்ராவின் மூச்சில் பூண்டு வாடை. வீட்டில் பூண்டு தீர்ந்து ஒரு மாதமாகிறது. ஞானஸ்நானத்தில் அவளை ஏந்திய ஞானத்தாய் வந்து ஏதாவது கொடுத்தாளா என்று கேட்டேன். தாயும் மகளும் இல்லை என்கிறார்கள்.

ஆகஸ்ட் 22

நாவித வைத்தியர் வந்து இரத்தம் இறக்கினார். பித்தம் என்றார். நகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டேன். "கூப்பிட்டு அனுப்புங்க" என்றார். என் மூத்தவனைப் பார்த்த கடைசி நாளிலும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 23

அஃப்ராவின் ஞானத்தாய், ரொட்டிக்கடை கிரெசென்ஸ், வெண்ணெய் ரொட்டியோடு வந்தாள். வீதியிலிருந்தே அவள் குரல் கேட்கும்.

"என்ன அச்சுக்காரரே, ஊர் முழுக்க மாதாவை முழுங்க வைக்கிறீங்க, சொந்த வீட்டுல பலிக்கலையா?"

"பலிக்கும். நாள் எடுக்கும்."

"எங்க பசு ஒண்ணு போன வருஷம் ஒரு முழுத் தாளையும் தின்னுச்சு. இன்னிக்கும் பால் கறக்குது."

"கறுப்புத் தாளா?" என்று கேட்டாள் வால்புர்கா.

"பின்ன? வண்ணம் எப்ப வந்துச்சு?"

கிரெசென்ஸ் போன பிறகு வால்புர்கா ரொட்டியை எடுத்து வைக்க மறந்து, மஞ்சள் தாள்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மூன்று படம். பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்று அழுகிறாள். போர்வையை உதறிக் காட்டினேன், எறும்பு இல்லை. இருக்கிறது என்கிறாள்.

ஆகஸ்ட் 27

இன்று சீவும்போது சீப்போடு முடி வந்தது. வால்புர்கா அந்த முடியை என் வேலைப் பலகையில், தகட்டின் மேலேயே கொண்டுவந்து வைத்தாள்.

"நிறுத்துங்க."

"எதை?"

"எதைன்னு உங்களுக்குத் தெரியும்."

"காய்ச்சல்ல முடி கொட்டும். பெரியவனுக்கும் கொட்டுச்சு."

"பெரியவனுக்குப் பூண்டு வாடை அடிக்கலை. பெரியவன் காலுல எறும்பு ஊரலை. இது எங்கப்பா பட்டறை வியாதிங்க. எனக்குத் தெரியும்."

"உங்கப்பா பட்டறையில யாரு தாளைச் சுரூபத்துல தொட்டெடுத்தாங்க? இது மருந்து. நீ சந்தேகப்பட்டுக் குடுத்தா எப்படிப் பலிக்கும்?"

அவள் முடியை எடுத்து மடியில் முடிந்துகொண்டு போனாள். நான் மூன்று படமும் கொடுத்தேன். நிறுத்திவிட்டு, அதனால் அஃப்ரா போய்விட்டால்? அதை யோசிக்க முடியவில்லை. கொடுத்துக்கொண்டே இருப்பதையாவது செய்ய முடிகிறது.

ஆகஸ்ட் 28

சாமி ஆள் அனுப்பி எத்தனை தாள் ஆயிற்று என்று கேட்டார். நாள் முழுக்க அச்சுப் பொறியில் நிற்க வேண்டியிருப்பதால், படம் கொடுக்கும் வேலையை வால்புர்காவிடம் விட்டேன். ஒன்பது படம் கத்தரித்துக் கொடுத்தேன், மூன்று நாளுக்கு. மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். மனம் மாறிவிட்டாள் என்று மகிழ்ச்சி.

ஆகஸ்ட் 29

அஃப்ரா அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 30

முழுக் கிண்ணம். அப்பா ஏன் மையோடு வீட்டுக்குள் வருகிறீர்கள் என்று என்னைக் கண்டித்தாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மண்டியிட்டு அழுதேன். மூன்றின் பலன் இது.

ஆகஸ்ட் 31

ஒன்பது படங்களும் உப்புச் சாடிக்கு அடியில் இருந்தன.

நான் உப்பு எடுக்கப் போகவில்லை. விளக்குத் திரி தேடினேன். ஒன்பது மாதாவும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தார்கள். ஒன்றுகூட நனைந்திருக்கவில்லை.

என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. பிள்ளையின் மருந்தைத் திருடியவள் என்று சொன்னேன். இரண்டு மகன்களும் அவள் அவநம்பிக்கையால்தான் போனார்கள் என்றும் சொன்னேன். இதை எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன். சொன்னேன்.

வால்புர்கா அழவில்லை. திருமணமாகிப் பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக என்னை நீ என்றாள்.

"மூணு நாளா அவ முழுங்கலை. மூணு நாளா அவ சாப்பிடறா. உனக்குக் கண்ணு இல்லையா?"

"முன்னாடி முழுங்கினது இப்ப வேலை செய்யுது."

"சரி. அப்ப நீயும் முழுங்கு. இனிமே அவளுக்கு எத்தனையோ, உனக்கும் அத்தனை. என் எதிர்ல."

"முழுங்கறேன். எனக்கு என்ன பயம்?"

இன்று மாலை அஃப்ராவுக்கு மூன்று, எனக்கு மூன்று. பிசினின் இனிப்பு. வேறு ருசி இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

அவளுக்கு மூன்று, எனக்கு மூன்று. அஃப்ரா கஞ்சியைத் தொடவில்லை.

செப்டம்பர் 2

மூன்று, மூன்று. நேற்றைய மீன் சரியில்லை. வாந்தி.

செப்டம்பர் 3

மூன்று, மூன்று. அச்சுப் பொறியின் சக்கரத்தை ஒரே மூச்சில் சுற்ற முடியவில்லை. வயிறு. அஃப்ரா படுக்கையிலிருந்து எழவில்லை. என்னைப் பார்த்து, "அப்பா, உங்க வாயும் என் வாய் மாதிரி நாறுது" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள், துணைக்கு ஆள் கிடைத்ததுபோல.

செப்டம்பர் 4

மூன்று, மூன்று. உள்ளங்காலில் ஏதோ ஊர்கிறது. காலுறையைக் கழற்றிப் பார்த்தேன். கழுவிப் பார்த்தேன். விளக்கை அருகில் கொண்டுவந்து பார்த்தேன்.

செப்டம்பர் 5

இன்று அஃப்ராவுக்குப் படம் கொடுக்க மறந்துவிட்டேன். நானும் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டேன். வேலை அதிகம்.

செப்டம்பர் 6

இன்றும் மறந்துவிட்டேன்.

வண்ணமிட்ட தாள்களில் பூஞ்சை பிடித்துவிட்டதாகவும், திருநாளுக்குக் கறுப்புத் தாள்தான் தர முடியும் என்றும் சாமிக்குச் சொல்லியனுப்பினேன். பூஞ்சை பிடிக்கக்கூடிய பருவம்தான். இருநூற்று முப்பது தாள். தோட்டத்தின் மூலையில் இடுப்பளவு தோண்டிப் புதைத்தேன். எரித்தால் புகை வீட்டுக்குள் வரும். இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து தோண்ட வேண்டியிருந்தது. கால் சொன்னபடி கேட்கவில்லை.

வால்புர்கா வந்து குழிக்கு அந்தப் பக்கம் நின்றாள். "நான் தள்ளட்டுமா மண்ணை?" என்றாள். இருவரும் சேர்ந்து மூடினோம்.

செப்டம்பர் 8, மாதா பிறந்த திருநாள்

நாலாயிரம் பேர் வந்தார்கள் என்கிறார்கள். மணிச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. நான் போகவில்லை. அஃப்ரா காலையில் கண்ணைத் திறந்து பால் கேட்டாள்.

செப்டம்பர் 12

பால், கஞ்சி, ஒரு முட்டை.

செப்டம்பர் 15, ஞாயிறு

தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். கிரெசென்ஸ் வாசலில் நுழைந்ததும் சிலுவை போட்டாள்.

"திருநாளன்னிக்குக் கண்ணு திறந்தாளாமே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் ஞானத்தாயா, வேத்தாளா?"

"இன்னும் நிக்க முடியலைக்கா" என்றாள் வால்புர்கா.

"நிப்பா. மாதா பாதி வேலையா செய்வாங்க?"

அவள் ரொட்டிக்கடைக்குத் திரும்பிப் போனாள். அது போதும், மாலைக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 17

அஃப்ராவைக் கீழே நிறுத்திப் பார்த்தோம். பாதம் ஈரத் துணி போலத் தொங்குகிறது. தரை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்கிறாள்.

இன்று உளியை எடுத்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்திருக்கின்றன. ஒரு கோடு நேராக வரவில்லை.

செப்டம்பர் 18

இல்டெஃபோன்ஸ் சாமி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். என் மகன்கள் இருவரையும் அடக்கம் செய்தவர் அவர்தான். இரண்டாவது தடவை சடங்கை முடிக்க முடியாமல் பாதியில் நின்றார், எனக்கு நினைவிருக்கிறது. அஃப்ராவின் தலையில் கைவைத்தபோது அவர் கண் கலங்கியது.

பிறகு என்னை வெளியே அழைத்தார். கோயிலில் அற்புதங்களின் புத்தகம் ஒன்று இருக்கிறது. மாதாவிடம் வேண்டிப் பிழைத்தவர்களின் பெயர், ஊர், நோய், நாள் எல்லாம் அதில் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி வைப்பார்கள்.

"சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போடு கொர்பினியன். உன் புள்ளை கதையை ஒரு தாளாவே அச்சடிக்கணும். மேலே கதை, கீழே படம். மஞ்சள் அங்கியோட. வர்ற கோடைக்கு ஆயிரம் தாள்."

"மஞ்சள் வேணுமா சாமி?"

"மஞ்சள்தானே அவளைக் காப்பாத்துச்சு?"

உள்ளே வால்புர்கா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் வருகிறேன் என்று சொன்னேன்.

செப்டம்பர் 20

கையெழுத்துப் போட்டால் அடுத்த கோடையில் ஆயிரம் தாள். தாளுக்கு நாற்பத்தெட்டு. பெருக்கிப் பார்க்கத் தொடங்கி நிறுத்திவிட்டேன். போடாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். என் வாயால், கோயிலுக்குள், அந்தச் சுரூபத்தின் எதிரில்.

செப்டம்பர் 21, சனி

இருவரும் போனோம். அஃப்ராவைக் கிரெசென்ஸ் பார்த்துக்கொண்டாள். பாதி வழியில் வால்புர்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்காகத்தான், நான் தடுமாறினேன்.

சாமி எழுதி வைத்திருந்ததை நின்றபடியே வாசித்தார். 'லிண்டன்ஸெல் அச்சுக்காரர் கொர்பினியனின் மகள் அஃப்ரா, வயது எட்டு, வைத்தியரால் கைவிடப்பட்டு, மாதாவின் பொன் அங்கிப் படங்களை விசுவாசத்தோடு விழுங்கி, திருநாளன்று குணம் பெற்றாள்.' இறகுப் பேனாவை மையில் தோய்த்து என்னிடம் நீட்டினார்.

"சாமி, இப்படி எழுதுங்க: அவங்க அம்மா படத்தை ஒளிச்சு வச்சா, அப்ப கொஞ்சம் பிழைச்சா. அப்பன் மறுபடியும் குடுத்தான், மறுபடியும் விழுந்தா. அப்பன் நிறுத்தினான், கண்ணு திறந்தா."

"என்ன பேசற நீ?"

"மஞ்சள் விஷம் சாமி. நானும் முழுங்கிப் பார்த்தேன்."

அவர் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கோபம் இல்லை, பயந்துபோனவர் போல இருந்தார். "பாதத்துல தொட்டது கொல்லாது. பத்து வருஷமா இதுல எழுதறேன். ஒரு பொய் இல்லை இதுல. உனக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போ."

"காய்ச்சல் இல்லை சாமி. கையைப் பாருங்க."

பார்க்கவில்லை. வால்புர்கா ஒரு அடி முன்னால் வந்தாள். "நீங்க ஒண்ணு முழுங்குங்க சாமி. வேண்டாம், ஒண்ணு போதாது. நாளுக்கு மூணு, அஞ்சு நாள்."

சாமி புத்தகத்தை மூடினார். "அச்சுக்காரன் நீ ஒருத்தன்தானா? நகரத்துல பத்துப் பேர் இருக்காங்க" என்றார். ஆனால் அவர் குரல் முதலில் இருந்தது போல இல்லை. நாங்கள் வாசலைத் தாண்டும்வரை அவர் உட்காரவில்லை. நகரத்துக்கு எழுதுவாரா என்று எனக்குத் தெரியாது. எழுதினால் அந்த அச்சுக்காரர்களிடம் சொல்ல நானும் நகரத்துக்கு நடந்து போவேன், எத்தனை நாளானாலும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அந்தப் புத்தகத்தில் எழுதவில்லை. ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 4 வரை என் மகள் அஃப்ராவுக்கு நான் அரிதாரம் கொடுத்தேன். நாற்பத்துநான்கு படம். என் மனைவி எச்சரித்த பிறகு கொடுத்தவை மட்டும் பதினெட்டு. அஃப்ராவின் கால் இனி வருமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வால்புர்காவுக்கு எழுத்துத் தெரியாது. உரக்க வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள்.

"தேதி தப்பு" என்றாள். "பதினஞ்சு இல்லை, பதினாலு. நீங்க செபமாலைக்குப் போயிருந்தீங்க. மொதத் தாள் காஞ்சிருந்துச்சு. அவ்வளவு அழகா வந்திருந்துச்சு. பாதத்துல தொடக்கூட இல்லை, ஒண்ணைக் கத்தரிச்சு நான் குடுத்தேன். எங்கப்பா நாய் ஞாபகம் இருந்துச்சு. இருந்தும் குடுத்தேன். அரை மணியில வாந்தி எடுத்தா. மறுநாள் நீங்க குடுக்கறப்ப அடுப்படியில நின்னுக்கிட்டு வாயைத் திறக்க முடியலை. திறந்தா என்னோடதும் வெளியில வந்துடும்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"எழுதுங்க" என்றாள். "என் பேரையும் போடுங்க."

எழுதினேன். நாற்பத்தைந்து படம். முதல் படம் ஆகஸ்ட் 14, மாலை, வால்புர்கா.

மை காய்வதற்குள் அஃப்ரா உள்ளிருந்து கூப்பிட்டாள். வீதியில் கழுதை போகிறதாம், பார்க்க வேண்டுமாம். இருவரும் எழுந்தோம். என் விரல்களை நான் நம்புவதில்லை, அவளைத் தூக்க இப்போது இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.